விண்வெளிக்குப் பன்னிரண்டு நாடா

மொழி தெரியும் என்ற திமிர் இருக்கிறதே, அது மொழியே தெரியாதவருக்கு வராத கஷ்டத்தையெல்லாம் கொண்டுவரும். செய்யாற்றில் நின்றிருந்த பேருந்து ஒன்றில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்து, "ஆரணிதானே?" என்று கேட்டேன். அவள் சிரித்தபடி ஆமாம் என்று தலையாட்டினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டேன். அவளுடைய சொந்த ஊரை நான் விசாரித்ததாக அவள் நினைத்திருக்கிறாள். அது கம்பெனிப் பேருந்து. கால் மணி நேரத்தில் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை வாசலில், மதிய ஷிப்டுக்கு வந்தவர்களோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

காவலர் அடையாள அட்டை கேட்டார். என்னிடம் இருந்தது மலேசியக் கடப்பிதழ். அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "மலேசியாவுலேர்ந்து ஷிப்டுக்கு வந்துகினு கீறீங்களாம்மா?" என்றார். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. நல்ல மனிதர். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, வேலை முடிந்து ஆரணிக்குக் கிளம்பியவர்களின் பேருந்தில் அவரே ஏற்றிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஆரணியில் என்ன வேலை என்று கேட்டார். பட்டுச்சேலை வாங்க என்று சொல்லியிருந்தால் பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். விண்வெளிக்கூண்டுக்கு நாடா வாங்கப் போகிறேன் என்று உண்மையைச் சொன்னேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு முன் இருக்கைக்காரியிடம், "வெயில்ல ரொம்ப நேரம் நின்னுகினு இருந்திருக்காங்க, பாவம்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

வெயில் அல்ல, கிறுக்கு. அதுவும் பன்னிரண்டு வயதிலிருந்து பிடித்த கிறுக்கு. மனிதர்கள் முதன்முதலில் விண்வெளிக்குப் போன கதைகளைப் படிப்பவர்கள் எல்லாரும் மேலே போனதைத்தான் பேசுவார்கள். எனக்குக் கீழே வந்ததில்தான் ஆசை. நெருப்பாகக் கொதித்துக்கொண்டு விழும் ஒரு கூண்டு, உள்ளே ஒரு ஆள், மேலே ஒரு துணி. அந்தத் துணி விரியாவிட்டால் மற்ற எல்லாக் கணக்கும் வீண். அந்தத் துணியை யார் நெய்தார், யார் தைத்தார் என்று யோசித்து யோசித்தே நான் பொறியியல் படித்தேன்.

இப்போது ஈப்போவில் ஒரு தொழிற்கல்லூரியில் ஆசிரியை. மாணவர்களுக்காக ஒரு மன்றம் நடத்துகிறேன். பானை அளவில் ஒரு கூண்டு செய்வோம். அதைப் பலூனில் கட்டி மேலே அனுப்புவோம், உயரத்தில் கழற்றிவிடுவோம், பாராசூட்டில் இறங்க வேண்டும். பயணி ஒரு கோழிமுட்டை. இதுவரை இரண்டு முட்டைகள் வீரமரணம் அடைந்துவிட்டன. இரண்டு முறையும் பாராசூட் விரிந்த கணத்திலேயே கிழிந்தது. கல்லூரி முதல்வர் கோபக்காரர் அல்லர், ஆனால் பொறுமைக்கும் எல்லை உண்டு. இன்னும் ஒரே ஒரு தடவை என்றார். அதுவும் உடைந்தால் மன்றத்தை மூடிவிட்டு, எங்கள் அறையை நகல் எடுக்கும் இயந்திரங்களுக்குக் கொடுத்துவிடுவார்.

அந்தக் காலத்து விண்வெளிக்கூண்டுகளின் வேகத்தை முதலில் தணித்த பாராசூட் முழுத்துணி அல்ல. நாடாக்களை இடைவெளி விட்டுக் குறுக்கும் நெடுக்கும் தைத்தது. காற்று சந்துகளில் கொஞ்சம் புகுந்து போய்விடுவதால் துணி கிழியாது. எங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும். கடையில் கிடைக்கும் பாராசூட் நாடா எங்கள் சின்னக் கூண்டுக்கு இடுப்புப்பட்டை மாதிரி கனம். பரிசுப்பொட்டலம் கட்டும் நாடா தையலில் நழுவியது. மெல்லிசாக, பலமாக, இரண்டு ஓரமும் நெய்து மூடிய பட்டு நாடா கிடைத்தால் தேவலை. எங்கள் தெருவில் சேலைக்கடை வைத்திருப்பவர் ஆரணியில் இருந்து சரக்கு எடுப்பவர். அவர் சம்பத் என்ற நெசவாளரின் எண்ணைக் கொடுத்தார். நான் குரல் செய்தி அனுப்பினேன்: இரண்டு அங்குலத்தில் பன்னிரண்டு பட்டு நாடா வேண்டும், விண்வெளிக்கூண்டுக்கு. மறுநாள் அவர் ஒரே ஒரு சந்தேகம் கேட்டிருந்தார், மரமா, கொம்பா என்று. பட்டில் ஏதோ ரகம் போலிருக்கிறது என்று நினைத்து, உங்கள் விருப்பம் என்று பதில் போட்டேன். இங்கேதான் நான் யோசித்திருக்க வேண்டும்.

சம்பத் அண்ணன் வீட்டுத் தெருவில் வீட்டுக்கு வீடு தறிச்சத்தம். அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். அதிகம் பேசாதவர். மனைவி மல்லிகா அக்கா அதற்கும் சேர்த்துப் பேசுவார். நான் எங்கள் ஊர் வழக்கப்படி, "பசியாறிட்டீங்களாக்கா?" என்று கேட்டேன். எங்கள் பக்கம் அதற்குச் சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். அக்கா திடுக்கிட்டுக் கணவரைப் பார்த்தார். இந்த வீட்டில் பட்டினி கிடக்கிறார்கள் என்று யார் மலேசியா வரைக்கும் போய்ச் சொன்னார்கள் என்று கேட்டுவிட்டு, அந்தப் பழியைத் துடைக்க எனக்கு எட்டு இட்டிலி வைத்தார். எட்டையும் தின்றேன். எங்கள் ஊர் இட்டிலிக்கு இத்தனை மென்மை வராது, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சாப்பிட்டதும் சம்பத் அண்ணன் ஒரு பலகாரப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கண்ணில் பெருமை தெரிந்தது. திறந்தேன். பஞ்சின்மேல், மாம்பிஞ்சு மாதிரி, வழவழப்பாக இழைத்த பன்னிரண்டு மரச்சாமான்கள். ஒவ்வொன்றும் இரண்டே அங்குலம். நடுவில் குழி, குழிக்குள் நூல் சுற்றிய குட்டிக் குச்சி.

"ரெண்டு இஞ்ச்சுல நாடா இந்த ஊர்ல யாரும் பாத்ததில்ல டீச்சர்," என்றார். "ஆசாரி மொதல்ல முடியாதுன்ட்டாரு. விண்வெளிக்குன்னு சொன்னப்புறம்தான் கைய வெச்சாரு."

நெசவாளருக்கு நாடா என்றால் நீளவாட்டில் கட்டிய பாவு நூலுக்கு இடையே குறுக்கு நூலான ஊடையை ஏந்தி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற கட்டை. நாம் பாவாடைக்குக் கோக்கும் நாடா அல்ல. மரத்திலும் செய்வார்கள், மாட்டுக்கொம்பிலும் செய்வார்கள், அதைத்தான் கேட்டிருக்கிறார். போய்த் திரும்பும் விண்வெளி ஓடத்துக்கும் தறிக்கட்டைக்கும் ஆங்கிலத்தில் ஷட்டில் என்று ஒரே பெயர் என்பது அவருக்குத் தெரியும், செய்தியில் கேட்டிருக்கிறார். அதனால் என் குரல் செய்தியில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. ஐந்தாம் நாள் நான் கிளம்பியாக வேண்டும். வாய் திறந்து விஷயத்தைச் சொன்னேன். மல்லிகா அக்கா சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தார். சம்பத் அண்ணன் சிரிக்கவில்லை. பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் ஆரணிக் கடைத்தெரு முழுக்க அலைந்தேன். பட்டுக்கடை ஒன்றில் சேலைக்கரையை நறுக்கித் தருகிறேன் என்றார்கள். நறுக்கின பக்கத்தில் நகம் பட்டதும் நூல் நூலாகப் பிரிந்தது. தையல் சாமான் கடையில் வண்ண வண்ண நாடா காட்டினார்கள், எல்லாம் ஈப்போவிலேயே பார்த்துக் கைவிட்ட சரக்கு. தோற்ற வயிறு பிரியாணி கேட்டது. சீரகச்சம்பா அரிசி, தொட்டுக்கொள்ளப் புளிப்பான கத்திரிக்காய். எங்கள் ஊர் பிரியாணி பார்க்க அழகு, இது தின்ன அழகு. இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். வாசலிலேயே அக்கா மோப்பம் பிடித்துவிட்டார். அது புரட்டாசி மாதம், அந்த வீட்டில் கவிச்சி நுழையாது. முதலில் போய்க் குளித்துவிட்டு வா என்றார். எனக்கு நாற்பத்தேழு வயது, முப்பது பேருக்குப் பாடம் எடுப்பவள். பேசாமல் போய்க் குளித்தேன்.

தலை துவட்டிக்கொண்டு வரும்போது இருவரும் தறியில் இருந்தார்கள். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் இரண்டுக்கும் ஊடை தனித்தனி. அண்ணன் உடலுக்குரிய நாடாவை ஓட்ட, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கரைக்குரிய நாடாவைத் தள்ளுவார். இரண்டு நூலும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். அதுதான் கோர்வை. ஒவ்வொரு இழைக்கும் மறக்காமல் கோக்க வேண்டும், இல்லாவிட்டால் என்று சொல்லிக்கொண்டே வந்த அக்கா சட்டென்று நிறுத்தினார்.

"கோக்காம உட்டா கரை தனியா கையோட வந்துடும்," என்றார். "ரெண்டு பக்கமும் ஓரம் மூடி. டீச்சர் கேக்கிற நாடா அத்தானே?"

சம்பத் அண்ணன் தறியை நிறுத்தினார். கரை கழன்ற சேலை ஒரு நெசவாளருக்கு எப்பேர்ப்பட்ட அவமானம் என்று எனக்கு அப்போது தெரியாது. அந்தத் தெருவில் ஒருவருக்கு அப்படி ஆகி, அவர் பெயரோடு அது ஒட்டிக்கொண்டு, அவர் மகன் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தபோதும் அதைச் சொல்லியே அடையாளம் காட்டினார்களாம். வேண்டுமென்றே அந்தத் தப்பைச் செய்யச் சொல்கிறாயா என்று அண்ணன் மனைவியிடம் கோபித்துக்கொண்டார். எனக்கும் கோபம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, நான் தங்க அவர்கள் கொடுத்திருந்த மாடியறைக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் காலை காப்பியோடு அவரே வந்து உட்கார்ந்தார். விண்வெளிக்கும் நெசவுக்கும் நிஜமாகவே சம்பந்தம் உண்டா என்று கேட்டார். அவ்வளவுதான், முப்பத்தைந்து வருடமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். நிலாவில் நடந்தவர்களின் உடையைத் தைத்தவர்கள் அதுவரை பெண்களுக்கு உள்ளாடை தைத்துக்கொண்டிருந்த தையற்காரிகள். ஒரு குண்டூசி உள்ளே தங்கினாலும் ஆள் போய்விடுவார் என்று நடுங்கி நடுங்கித் தைத்தார்கள். அந்தப் பயணத்துக்குப் போன கணினியின் நினைவைப் பெண்கள் கையால் நெய்தார்கள், செப்புக்கம்பியால். குட்டிக் குட்டி வளையங்கள். கம்பி வளையத்துக்குள் நுழைந்தால் ஒன்று, நுழையாமல் வெளியே போனால் சுழியம். அப்படி நெய்ததுதான் ஆட்களுக்கு வழி சொன்னது. முடியாத காரியம் ஒன்று முன்னால் வந்து நின்றபோது, பெரிய பெரிய விஞ்ஞானிகள் கடைசியில் ஊசி பிடித்தவரிடமும் நூல் பிடித்தவரிடமும்தான் வந்து நின்றார்கள்.

செப்புக்கம்பியை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வளையத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம தறிமேல ஓடற ஜக்கார்டு அட்டை மாதிரிதானே," என்றார். "ஓட்டை இருந்தா நூலு தூக்கும், இல்லன்னா தூக்காது. தூக்காம உடறதும் டிசைன்தான்."

நான் ஆமாம் என்றேன்.

"அப்ப கோக்காம உடறதும் ஒரு வேலதான்னு சொல்றீங்க."

அதையும் ஆமாம் என்றேன். காப்பியைக் குடித்து முடித்து எழுந்து போனார். இன்னொரு தறியில் சேலை முடிந்து, பாவில் ஆறு அடிக்கும் குறைவாக மிச்சம் இருந்தது. அதில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு தரம் நூல்களை உருவி எடுத்துச் சந்து விட்டார். பன்னிரண்டு பட்டை நின்றது. அந்தக் குறுகலான பட்டைக்குள் ஓடுவதற்கு வழக்கமான நாடா ஆகாது, பக்கத்துப் பட்டையில் போய் முட்டும். அண்ணன் உள்ளே போனார். பலகாரப் பெட்டியோடு வந்தார். பட்டைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு குட்டி நாடாவும் உட்கார்ந்துகொண்டன, அளவெடுத்தாற்போல. செய்தி அக்கா வாய்வழியாகத் தெருவெல்லாம் பரவி, ஆசாரி தன் சாமான் ஓடுவதைப் பார்க்கச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பிறகுதான் பேஜார். அண்ணனுடைய கை கேட்கவில்லை. இருபத்தாறு வருடம் கோத்த கை. பட்டையின் ஓரத்துக்கு வந்ததும் தானாகவே பக்கத்து நூலைத் தேடிப் போய்க் கோத்துவிட்டுத் திரும்பியது. நடுவில் சந்து இருந்தும் தாண்டிப் போய்க் கோத்தது. அக்கா ஒரு முழக்கோலை வைத்துக்கொண்டு, கை தாண்டும்போதெல்லாம் அதன்மேல் லேசாகத் தட்டினார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இப்படி ஒரு வாய்ப்பு கிடைக்கவில்லை என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். ஆளுக்கு ஆறு பட்டை. ஒரு இழைக்குப் பன்னிரண்டு தள்ளல், பிறகு அதை நெருக்கப் பலகையால் ஒரு தட்டு. அக்காவின் கை அரை நாளில் பழகிவிட்டது. அண்ணன் நெற்றியில் வியர்வை வடிய, எண்ணிக்கொண்டே நெய்தார். நாலாம் நாள் மழை பிடித்து, பட்டு ஈரத்தில் தொய்ந்து, கரியடுப்பு மூட்டிக் காயவைக்க வேண்டியிருந்தது. அன்று பொழுது சாயும்போது தறியில் இருந்து நாலு அடி நீளத்தில் பன்னிரண்டு நாடா இறங்கியது. மாம்பழ நிறம். அண்ணன் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சுருட்டி என் கையில் கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

அவர்கள் தையல் இயந்திரத்திலேயே பாய் முடைவது போல ஆறு குறுக்கும் ஆறு நெடுக்குமாக வைத்துத் தைத்தேன். ஐந்தாம் நாள் காலை தெரிந்தவர் ஒருவரின் கல்யாண மண்டபத்து மொட்டைமாடிக்கு ஏறினோம். கூண்டுக்குப் பதில் ஒரு சொம்பு, சொம்புக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் பயணி. புரட்டாசியில் முட்டைக்கு அனுமதி கிடையாது என்று அக்கா தீர்மானமாகச் சொல்லிவிட்டதால் ஒரு தக்காளி. கீழே ஒரு வளைகாப்புக்குச் சமைக்க வந்த சமையல்காரர்கள், ஆசாரி, தெருவில் பாதி. நான் விட்டேன். சொம்பு தலைகீழாகப் பாய்ந்தது. பிறகு மாம்பழ நிறத்தில் ஒரு பூ விரிந்தது. சொம்பு ஆடி ஆடி, அவசரமே இல்லாமல், பாத்திரம் கழுவும் இடத்தில் போய் இறங்கியது. தக்காளியில் ஒரு கீறல் இல்லை. சமையல்காரர் அதை வாங்கிச் சாம்பாரில் போட்டுவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். அண்ணன் மட்டும் பாராசூட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டு நின்றார். களைப்பு என்று நினைத்தேன்.

ஈப்போவில் நிஜமான நாள் வந்தது. பலூன் மேகத்துக்குள் போய் மறைந்தது. குறித்த நேரத்துக்குமேல் ஒன்றரை மணி நேரம் எதுவும் தெரியவில்லை. முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். கடைசியில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில், மட்டைகளுக்கு நடுவே தொங்கிய கூண்டைக் கண்டுபிடித்தோம். மாணவி ஒருத்தி உள்ளே கையை விட்டு முட்டையை வெளியே எடுத்தாள். முழுசாக இருந்தது. முதல்வர் அதை வாங்கி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். அறை எங்களுக்கே.

அங்கிருந்தே ஆரணிக்குக் காணொளி அழைப்பு போட்டேன். அக்கா திரையை அடைத்துக்கொண்டு கூவினார், தெருவுக்கே கேட்டிருக்கும். அண்ணனிடம் கொடுத்தார். அவர் முட்டையைப் பார்க்கவில்லை. பாராசூட்டை விரித்துக் காட்டச் சொன்னார். வலப்பக்கம் மூன்றாவது நாடாவைக் கிட்டே காட்டச் சொன்னார். அதன் ஓரத்தில் ஒரு விரற்கடை நீளத்துக்கு இரண்டு மூன்று இழை பிரிந்திருந்தது. நான் அதைக் கவனித்ததே இல்லை.

"அந்த எடத்துல கை பழக்கத்துல கோத்துட்டேன் டீச்சர்," என்றார். "ரெண்டு நாடாவும் சேந்துகினு வந்துச்சி. வெட்டிப் பிரிச்சி, உங்ககிட்ட சொல்லாம குட்த்துட்டேன். தப்பு. மன்னிச்சிக்கோங்க."

ஒழுங்காகக் கோத்ததற்காக ஒரு நெசவாளர் மன்னிப்புக் கேட்கிறார். அது தாங்கிவிட்டது அண்ணே, முட்டை பிழைத்துவிட்டது என்றேன். அவர் தலையை ஆட்டினார், சமாதானமாகவில்லை.

"இன்னிக்கி முட்ட. நாளைக்கு உள்ள ஆளு குந்திகினு வந்தா?" என்றார். பிறகு கைப்பேசியைத் தறிப்பக்கம் திருப்பினார். புதுப் பாவு, பன்னிரண்டு பட்டை, ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி நாடா. துணி முக்கால்வாசி இறங்கியிருந்தது.

"நீங்க கேக்கலன்னாலும் வேற பன்னெண்டு போட்டுகினு கீறேன்," என்றார். "பாருங்க, இதுல ஒரு எடத்துலகூட கோக்கல."